ஜெர்மனியின் பழைய நகரங்களைக் குழந்தைகளோடு சுற்றிப் பார்ப்பது எப்படி?

ஜெர்மனியின் பழைய நகரங்களுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்களுக்கான பட்டியலை வைத்துக்கொண்டுதான் திட்டமிடுகிறார்கள்: காலையில் பேராலயம், அடுத்து அரண்மனை, மதியத்துக்கு மேல் ஓவியக்கூடம், பொழுது சாய்வதற்குள் இன்னோர் ஊர். ஆறேழு வயதுப் பிள்ளைக்குக் கோதிக் பாணி வளைவும் பரோக் பாணிக் கட்டட முகப்பும் ஒன்றுதான். அதற்கு வேண்டியவை ஏறுவதற்கு ஒரு படிக்கட்டு, கைவைத்துச் சுழற்ற ஒரு வளையம், சொன்ன நேரத்தில் அசைகிற ஒரு பொம்மை ஆகியவையே. இவை அந்த நகரங்களில் தாராளமாக இருக்கின்றன. பட்டியலின் கடைசியில் போட்டுவிடுவதால்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஆகவே ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்று வைத்துக்கொண்டு, அந்த ஊரில் குழந்தை தன் உடம்பால் செய்யக்கூடிய ஒரு காரியத்தையும் அதற்குரிய நேரத்தையும் முதலில் குறித்துவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்குவதே நல்லது. பேராலயத்தைப் பார்க்க வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். ஓடி ஏறி இறங்கிவிட்டு வந்த பிள்ளை எந்தத் தேவாலயத்திலும் கால் மணி நேரம் அமைதியாக உட்காரும். வரிசையை மாற்றினால்தான் சிக்கல்.

எங்கே தங்குவது

நாள்தோறும் விடுதி மாறுவது குழந்தைகளைக் களைப்படைய வைப்பதைவிடப் பெற்றோரின் பொறுமையைத்தான் அதிகம் தின்கிறது. ஓர் ஊரில் தங்கி, அங்கிருந்து பகலில் மற்ற ஊர்களுக்குப் போய்வருவதே சரி. முதல் பயணத்துக்கு மியூனிக்கைவிட நியூரம்பெர்க் பொருத்தம் என்பது என் கருத்து. பழைய நகரத்தைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீள மதில் இன்னும் பெரும்பகுதி நிற்கிறது. ரயில் நிலையம் அந்த மதிலுக்கு வெளியே, சாலையைக் கடந்தால் போதும் என்ற தொலைவில் இருக்கிறது. ரோத்தன்பர்க், பாம்பெர்க், ரேகன்ஸ்பர்க் மூன்றுக்கும் அங்கிருந்து பகல் பயணமாகவே போய்வரலாம். விமான நிலையத்திலிருந்து மைய ரயில் நிலையத்துக்குச் சுரங்க ரயிலில் 12 நிமிடம்தான். அந்த யு2 வழித்தடத்திலும் யு3 வழித்தடத்திலும் ஓட்டுநர் கிடையாது. ஆகவே முதல் பெட்டியின் முன்கண்ணாடிக்கு அருகில் இடம் பிடித்துவிட்டால், இருட்டுக் குகைக்குள் தாங்களே ரயிலை ஓட்டிப் போவதுபோல் பிள்ளைகள் நின்றுகொண்டு வருவார்கள். ஊருக்குள் நுழைந்த முதல் அரை மணி நேரத்திலேயே அவர்களுக்கு அந்த ஊர் பிடித்துப்போய்விடும்.

நியூரம்பெர்க்கில் ஒரு நாள்

கோட்டை வடக்கே மேட்டில் இருக்கிறது, ரயில் நிலையம் தெற்கே. கால்கள் களைப்பதற்கு முன் காலையிலேயே மேட்டை ஏறி முடித்துவிட்டு, பகல் முழுவதும் இறக்கத்தில் வருவதுபோல் பாதையை அமையுங்கள். கோட்டையில் அரசரின் அறைகளைவிட முக்கியமானது வெளி முற்றத்தில் உள்ள ஆழ்கிணறு. பாறையைக் குடைந்து ஏறக்குறைய 50 மீட்டர் ஆழத்துக்கு இறக்கிய அந்தக் கிணற்றை வழிகாட்டியோடு மட்டுமே பார்க்க முடியும். அவர் மெழுகுவர்த்திகளை ஒரு தட்டில் வைத்து மெல்ல உள்ளே இறக்குவார், பிறகு தண்ணீரை ஊற்றுவார். ஊற்றிய தண்ணீர் அடியைத் தொடும் ஓசை மேலே வர மூன்று நொடிக்கு மேல் ஆகும். பிள்ளைகளை வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். விளக்கம் ஜெர்மன் மொழியில் இருந்தாலும் இதைப் புரிந்துகொள்ள மொழி தேவையில்லை. அதே சீட்டில் பக்கத்திலுள்ள சின்வெல் கோபுரத்திலும் ஏறிவிடலாம்.

கோட்டையிலிருந்து இறங்கினால் ஓவியர் டியூரர் வாழ்ந்த வீட்டுக்கு எதிரே, டியர்கேர்ட்னர் வாயிலருகே, வெண்கலத்தில் ஒரு பெரிய முயல் கிடக்கும். டியூரர் 1502-இல் வரைந்த புகழ்பெற்ற முயலை நினைவில் வைத்து யூர்கன் கோயர்ட்ஸ் 1984-இல் செய்த சிற்பம் இது. பிதுங்கிய கண்ணும் உடைந்த பெட்டியுமாக, பார்க்க அழகாக இருக்காது. சில குழந்தைகள் பயப்படும், சில குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். வீட்டுக்குள் போய் ஓவியங்களைக் காட்டுவதைவிட, அசல் முயல் ஓவியத்தைக் கைப்பேசியில் எடுத்துவைத்துக்கொண்டு இரண்டையும் அங்கேயே ஒப்பிடச் சொன்னால், ஓர் ஓவியனைப் பற்றி அந்த வயதுக்கு வேண்டிய அளவு தெரிந்துவிடும்.

பகல் பதினொன்றே முக்காலுக்கு முதன்மைச் சந்தைத் திடலுக்கு வந்துவிட வேண்டும். அங்குள்ள அன்னை மரியாள் ஆலயத்தின் முகப்பில் 1509-இல் முடிக்கப்பட்ட இயந்திரக் கடிகாரம் ஒன்று உண்டு. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு எக்காளம் ஊதுபவர்களும் முரசு அடிப்பவர்களும் அசைவார்கள், பிறகு ஏழு இளவரசர்கள் பேரரசர் நான்காம் கார்லை மூன்று முறை சுற்றி வணங்கிவிட்டு உள்ளே போவார்கள். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு என்று விதித்த 1356-ஆம் ஆண்டின் பொன்முத்திரைச் சாசனத்தை நினைவூட்டும் காட்சி இது. "ராஜாவை யார் தேர்ந்தெடுப்பது என்று சண்டை வராமல் இருக்க ஏழு பேரை நியமித்தார்கள், அந்த ஏழு பேர்தான் இவர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கதை தெரியாத குழந்தைக்கு இது தொலைவில் நகரும் சிறு பொம்மைகள் மட்டுமே. தெரிந்த குழந்தை மூன்று சுற்றையும் எண்ணிச் சரிபார்க்கும். கடிகாரத்துக்கு மேலே பாதி நீலமும் பாதிப் பொன்னுமாக ஓர் உருண்டை இருக்கும். அது நிலவின் வளர்பிறை தேய்பிறையைக் காட்டுவது. அன்றிரவு வானத்தில் சரிபார்க்கலாம்.

அதே திடலில் 19 மீட்டர் உயரக் கோபுரமாக நிற்கும் அழகு நீரூற்றின் கம்பி வேலியில் இணைப்பே தெரியாத ஒரு பொன்னிற வளையம் கோத்திருக்கிறது. நினைத்ததை மனத்தில் வைத்துச் சுழற்றினால் நடக்கும் என்பார்கள். பயணிகள் வரிசையில் நின்று அதைச் சுழற்றிக்கொண்டிருக்க, வேலியின் மறுபக்கத்தில் யாரும் கவனிக்காத கறுப்பு வளையம் ஒன்றுதான் உண்மையானது என்று ஊர்க்காரர்கள் சொல்வதுண்டு. இரண்டையும் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்வது உங்கள் சாமர்த்தியம். கைக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால் சிறியவர்களைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

பிற்பகலில் விளையாட்டுப் பொருள் அருங்காட்சியகம், ஜெர்மன் ரயில்வேயின் அருங்காட்சியகம் இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் 1835 டிசம்பர் 7 அன்று நியூரம்பெர்க்கிலிருந்து பக்கத்து ஊரான ஃபியூர்த்துக்கு ஓடியது. 'கழுகு' என்று பெயரிடப்பட்ட அந்த இன்ஜினின் மாதிரியோடு, குழந்தைகள் தொட்டு இயக்கி விளையாடத் தனிப் பகுதியும் ரயில்வே அருங்காட்சியகத்தில் இருப்பதால், மழை நாளுக்கு அதையே எடுத்துவைப்பேன். வெயில் நாளானால் உள்ளே போகாமல் மதிலின் மேற்குப் பக்கத்தில், பெக்னிட்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ஹாலர் புல்வெளிக்குப் போய்விடுங்கள். ஊர் மக்கள் காற்று வாங்குவதற்கென்று நகராட்சி 1434-இலேயே வாங்கிப்போட்ட நிலம் அது. இன்று அங்கே விளையாட்டுத் திடல் இருக்கிறது. பல ஜெர்மன் நகரங்களில் பழைய பகுதிக்குள்ளேயோ மதிலை ஒட்டியோ இப்படியொரு திடல் இருக்கும். வரைபடத்தில் அதை முதலில் குறித்துக்கொண்டு, பிறகு மற்ற இடங்களைக் குறியுங்கள்.

ரோத்தன்பர்க்: மதில்மேல் நடை

நியூரம்பெர்க்கிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். வழியில் மாற வேண்டும், கடைசி மாற்றம் ஷ்டைனாக்கில். இந்த ஊரைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்; பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை அந்தப் படத்தில் இருக்கும் தெருமுனையில் நிற்கவே இடம் கிடைக்காது. குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த நேரத்தில் தெருவை விட்டு மேலே ஏறிவிட வேண்டும். மரக்கூரை போட்ட மதில்நடையில் ஏறக் கட்டணம் இல்லை, நேரக் கட்டுப்பாடு இல்லை, மழை பெய்தாலும் நனைய வேண்டியதில்லை. பாதை குறுகல், ஏறும் படிகள் செங்குத்தானவை என்பதால் தள்ளுவண்டியைக் கீழே எங்காவது வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நடக்கத் தொடங்கிய குழந்தையின் கையை விடக் கூடாது.

மதிலின் உட்சுவரில் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக இருக்கும். 1945 மார்ச் 31 அன்று விழுந்த குண்டுகளில் ஊரின் ஒரு பகுதியோடு மதிலும் சிதைந்தபோது, அதைத் திரும்பக் கட்டுவதற்கு உலகெங்கிலுமிருந்து பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் அவை. யார் அதிகத் தொலைவிலுள்ள நாட்டின் பெயரைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஒரு போட்டி வைத்தால், "இன்னும் எவ்வளவு தூரம்" என்ற கேள்வி எழாமலேயே ஊரில் பாதியைச் சுற்றி முடித்துவிடலாம்.

சந்தைத் திடலில் மணிக்கொரு தரம் ஜன்னல் திறந்து இரண்டு உருவங்கள் தோன்றும். 1631-இல் ஊரைப் பிடித்த டில்லி என்ற தளபதி, மூன்றேகால் லிட்டர் திராட்சை மதுவை ஒரே மூச்சில் குடிப்பவர் இருந்தால் ஊரை விட்டுவிடுவதாகச் சொன்னார், மேயர் நூஷ் குடித்துக் காட்டினார் என்பது கதை. காட்சி மிகச் சிறியது, மெதுவானது. இதற்காகவே ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டாம். நகரமன்றக் கோபுரத்தின் 220 படிகள் நல்ல உழைப்பு, எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நல்ல வெகுமதியும்கூட. இடைக்காலக் குற்றவியல் அருங்காட்சியகத்தில் சித்திரவதைக் கருவிகள் இருப்பதால், பத்து வயதுக்குக் குறைந்தவர்களை அழைத்துப்போக வேண்டாம். ஊரெங்கும் கடை வாசலில் அடுக்கிவைத்திருக்கும் 'பனிப்பந்து' என்ற பொரித்த பலகாரம் பார்க்கப் பிரமாதமாக இருக்கும், தின்னும்போது மாவும் சர்க்கரையும்தான் தெரியும். குடும்பத்துக்கு ஒன்று வாங்கினால் போதும்.

ஓர் இரவு கூடுதலாக இருக்குமானால் அதை இங்கே செலவிடுங்கள். பேருந்துக் கூட்டம் மாலை கலைந்துவிடும். இரவு எட்டு மணிக்குக் கறுப்பு அங்கியும் ஈட்டிக்கோடரியும் விளக்குமாக இரவுக் காவலர் ஒருவர் சந்தைத் திடலிலிருந்து கிளம்பி, ஊரைச் சுற்றிக்காட்டியபடி ஆங்கிலத்தில் கதை சொல்லிக்கொண்டு போவார். வசந்த காலத்திலிருந்து ஆண்டின் இறுதிவரை இது நடக்கும். கோடையில் இரவு ஒன்பதுக்கும் வெளிச்சம் இருப்பதால் சிறியவர்களும் தாக்குப்பிடிப்பார்கள்.

வடக்கே போகிறவர்களுக்கு

பிரேமன் நகரமன்றத்தின் பக்கவாட்டில் கழுதை, நாய், பூனை, சேவல் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும் வெண்கலச் சிலை இருக்கிறது. கெர்ஹார்ட் மார்க்ஸ் 1953-இல் செய்தது. இந்த விலங்குகள் வரும், கிரிம் சகோதரர்களின் 'பிரேமன் இசைக்கலைஞர்கள்' கதையை விமானத்திலேயே சொல்லிவிடுங்கள். கழுதையின் முன்னங்கால்கள் இரண்டையும் இரண்டு கையாலும் பிடித்துத்தான் வேண்டிக்கொள்ள வேண்டும். ஒரு கையால் பிடித்தால் ஒரு கழுதை இன்னொரு கழுதைக்கு வணக்கம் சொல்வதாக அர்த்தம் என்று ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். பக்கத்துத் திடலில் தரையோடு பதித்த வட்ட மூடியின் துவாரத்தில் ஒரு நாணயம் போட்டால், அந்த நான்கில் ஒரு விலங்கு உள்ளிருந்து குரல் கொடுக்கும், காசு தொண்டுக்குப் போகும். நான்கையும் கேட்காமல் பிள்ளைகள் நகர மாட்டார்கள் என்பதால் சில்லறையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாமெல்னுக்குப் போவதானால் ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள். மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை ஞாயிறுதோறும் பகல் பன்னிரண்டுக்கு எலிபிடிப்பவன் கதையை ஊர் மக்களே திடலில் இலவசமாக நடித்துக் காட்டுகிறார்கள். 1284-இல் 130 குழந்தைகள் ஊரைவிட்டுக் காணாமல் போனதாகச் சொல்லும் கதை அது; எலி வேடமிட்ட குழந்தைகளைப் பார்க்கையில் வேடிக்கையாக இருந்தாலும், சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு முடிவைச் சற்று மென்மையாக்கிச் சொல்வது நல்லது.

கோபுரம் ஏறுவதில் ஆசையுள்ள குடும்பங்கள் கொலோன் பேராலயத்தின் 533 படிகளை முயலலாம். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே குறுகிய சுழற்படியில் ஒதுங்கி வழிவிட வேண்டியிருப்பதால், கூட்டம் சேருமுன் காலையிலேயே போங்கள். 24 டன் எடையுள்ள மணி தொங்கும் அறை வழியில் வரும். மூச்சு வாங்க அது நல்ல இடம்.

ரயிலும் தெருவும்

ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஜெர்மன் ரயில்களில் சீட்டு வேண்டாம். ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ளவர்கள் பெரியவர்களோடு நெடுந்தூர ரயிலில் இலவசமாக வரலாம், ஆனால் சீட்டு வாங்கும்போதே அவர்களின் எண்ணிக்கையைச் சேர்த்துவிட வேண்டும்; பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். நாடு முழுவதும் உள்ளூர் ரயில்களில் செல்லும் டாய்ச்லாந்து சீட்டு என்ற மாதச் சீட்டில் இந்தச் சலுகை இல்லை, ஆறு வயதானால் தனிச் சீட்டு தேவை. ஒரு மாநிலத்துக்குள் சுற்றுவதற்கான நாள் சீட்டுகள் வார நாட்களில் காலை ஒன்பதுக்குப் பிறகே செல்லும், விரைவு ரயில்களில் செல்லாது. இருக்கை முன்பதிவு தனிக் கட்டணம் என்றாலும் குழந்தைகளோடு போகும்போது அதைச் செய்துவிடுங்கள். கைக்குழந்தைகளுக்கான தனி அறை பல விரைவு ரயில்களில் உண்டு. ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்ற பழைய நம்பிக்கையை மட்டும் விட்டுவிடுங்கள்: 2024-இல் நெடுந்தூர ரயில்களில் 62 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான் நேரத்துக்கு வந்தன. ரயில் மாறுவதற்கு அரை மணி நேரமாவது இடைவெளி வையுங்கள்.

பழைய தெருக்களில் பாவியிருக்கும் உருண்டைக் கற்களில் சிறு சக்கரத் தள்ளுவண்டி திணறும். பெரிய சக்கர வண்டியோ, குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்ளும் பையோ கொண்டுபோங்கள். நடைபாதையிலேயே சிவப்பு நிறத்தில் ஓடும் பட்டை சைக்கிள்களுக்கானது. வேகமாக வருவார்கள் என்பதால் பிள்ளைகளுக்கு முதல் நாளே காட்டிக்கொடுங்கள். சிவப்பு விளக்கு எரியும்போது வண்டியே வராவிட்டாலும் சாலையைக் கடக்காதீர்கள். குழந்தைகள் பார்க்கையில் அப்படிக் கடப்பவரை அங்கே முன்பின் தெரியாதவர்கள்கூடக் கடிந்துகொள்வார்கள். பொதுக் கழிப்பறைகளுக்கு 50 சென்ட் முதல் ஒரு யூரோ வரை நாணயம் தேவைப்படும். குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்கலாம். கடையில் வாங்கும் பெரும்பாலான பிளாஸ்டிக் புட்டிகளுக்கு 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள். காலிப் புட்டியைப் பேரங்காடி இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். அந்த வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.

சாப்பாடும் கிழமையும்

பல உணவகங்களில் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் மாலைவரை அடுப்பு எரியாது. பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். குழந்தைக்குத் தனியாக ஒன்றும் வாங்காமல், உங்கள் தட்டிலிருந்து எடுத்துத் தின்ன வெறும் தட்டு கேட்டால் பல இடங்களில் முகம் கோணாமல் தருவார்கள்; அதற்குக் 'கொள்ளைக்காரன் தட்டு' என்று பெயரே உண்டு. நியூரம்பெர்க்கின் விரல் நீளத் தொத்திறைச்சி பன்றி இறைச்சியால் ஆனது. சைவக் குடும்பங்களுக்குப் பாலாடைக்கட்டி சேர்த்த ஷ்பெட்ஸ்லே என்ற முட்டை நூடுல்ஸ், ஆப்பிள் மசியலோடு வரும் உருளைக்கிழங்கு அடை, பிரெட்சல் என்ற முறுக்கு வடிவ ரொட்டி ஆகியவை கைகொடுக்கும். ஷ்பெட்ஸ்லேயில் பன்றிக்கொழுப்புத் துண்டு தூவுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜெல்லி மிட்டாய்களில் பெரும்பாலும் விலங்கு ஜெலட்டின் இருக்கும். புகழ்பெற்ற லேப்குகென் இனிப்பில் கொட்டைப் பருப்புகள் அதிகம் என்பதால், ஒவ்வாமை உள்ள குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் விதிவிலக்கு. பாலும் டயபரும் சனிக்கிழமையே வாங்கிவையுங்கள். திங்கட்கிழமை பெரும்பாலான அருங்காட்சியகங்கள் இயங்கா என்பதால் அன்றைக்குக் கோட்டையையும் மதிலையும் ஒதுக்கலாம். காய்ச்சல் மருந்து பேரங்காடியில் கிடைக்காது, மருந்தகத்தில்தான் வாங்க வேண்டும். இரவிலும் ஞாயிறிலும் திறந்திருக்கும் மருந்தகம் எது என்று ஒவ்வொரு மருந்தகத்தின் வாசலிலும் ஒட்டியிருப்பார்கள். அவசரத்துக்கு 112, அவ்வளவு அவசரமில்லாமல் மருத்துவர் வேண்டுமென்றால் 116117.

போரைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கும்போது

கீழே பார்த்தே நடக்கும் பிள்ளைகள், வீட்டு வாசல்களில் தரையில் பதித்த பத்து சென்டிமீட்டர் பித்தளைக் கற்களைப் பெரியவர்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள். நாஜிகளால் விரட்டப்பட்டவர்கள், கொல்லப்பட்டவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டின் முன் அவர்களின் பெயரையும் பிறந்த ஆண்டையும் பொறித்துக் கலைஞர் குன்டர் டெம்னிக் பதித்துவரும் கற்கள் அவை. ஒரு லட்சமாவது கல் 2023-இல் நியூரம்பெர்க்கில்தான் பதிக்கப்பட்டது. "இந்த வீட்டில் இருந்தவர்களை ஓர் அநியாய அரசாங்கம் பிடித்துக்கொண்டு போனது, ஊர் அவர்களை மறக்கக் கூடாது என்று பெயரை எழுதிவைத்திருக்கிறார்கள்" என்று சொன்னால் ஏழு வயதுக்குப் போதும். கேட்காததை நீங்களாக விரித்துச் சொல்ல வேண்டாம். கேட்டதை மழுப்பவும் வேண்டாம். இப்போது பார்க்கும் பழைய நியூரம்பெர்க்கின் பெரும்பகுதி 1945 ஜனவரி 2 அன்று குண்டுவீச்சில் அழிந்து மறுபடி கட்டப்பட்டது என்பதையும், எந்த ஆட்சி தொடங்கிய போரில் அது நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நாஜிக் கட்சி மாநாடுகள் நடந்த இடத்திலுள்ள ஆவண மையத்தையும், போர்க்குற்ற விசாரணை நடந்த 600-ஆம் எண் நீதிமன்ற அறையையும் பதின்மூன்று பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று ஒதுக்குவது நல்லது. வீட்டில் அந்த வயதுக்கு மேலும் கீழும் பிள்ளைகள் இருந்தால், பெரியவளோடு ஒருவர் ஆவண மையத்துக்குள் போகட்டும்; அதை ஒட்டியுள்ள டுட்ஸென்ட்டைக் ஏரியில் கோடைக்காலத்தில் மிதிபடகு வாடகைக்குக் கிடைக்கும், சிறியவனை அழைத்துக்கொண்டு மற்றவர் அங்கே இருக்கலாம். உள்ளே போகிறவர்களுக்கு இரண்டு மணி நேரமாவது தேவைப்படும் என்பதால், படகு முடிந்த பிறகு கரையில் கொறிக்க ஏதேனும் கையில் இருக்கட்டும்.